கையால் மண் வனைதல்: புதிதாகத் தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

நெசவாளர்க்கும் உழவர்க்கும் ஆண்டில் சில மாதங்கள் கை ஓய்ந்திருக்கும் காலம் உண்டு. பாவுக்கு நூல் வந்து சேராத நாட்களில் தறி நிற்கிறது. கண்மாயில் நீர் வற்றிய பின் வயல் சும்மா கிடக்கிறது. இவ்வோய்வுக் காலத்தில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில் யாது என்று அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். அண்மையில் மட்கலத் தொழிலைப் பற்றிக் கேட்போர் தொகை மிகுந்துள்ளது. அகல் விளக்கு, செடித்தொட்டி, தண்ணீர்ப் பானை முதலியவற்றை நகரத்தார் விரும்பி வாங்குவதைக் கண்டு எழுந்த ஆர்வம் இது. ஆனால் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "சக்கரம் வாங்கக் கடன் கிடைக்குமா?" என்பதேயாகும். அதற்கு விடை கூறுமுன், என் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுதல் கடமையென எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு பெண்மணிகள் அடங்கிய குழு ஒன்று, மின்சாரச் சக்கரம் மூன்று வாங்குவதற்குக் கடன் கோரியது. விண்ணப்பத்தை ஆராய்ந்து, "கடன் வழங்கத்தக்கது" என்று பரிந்துரை எழுதியவன் நானே. பத்து நாள் பயிற்சி பெற்று, ஐப்பசியில் அவர்கள் வேலையைத் தொடங்கினர். கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டாயிரம் அகல் விற்பது திட்டம். அடைமழை பிடித்துக்கொண்டது. அகல்களை அடுப்பங்கரையில் அரைகுறையாக உலர்த்திச் சூளையில் அடுக்கித் தீ மூட்டினர். அரை மணி நேரத்துக்குள் உள்ளேயிருந்து பட்டாசு வெடிப்பது போன்ற ஒலி கேட்டதாம். பிரித்துப் பார்த்தபொழுது பாதிக்கு மேல் சில்லுகளாகக் கிடந்தன. எஞ்சியவற்றிலும் பல விரிசல் கண்டிருந்தன.

அடுத்த தணிக்கைக்கு நான் சென்ற சமயம், சக்கரங்கள் மூன்றும் பழைய சேலையால் மூடப்பட்டுத் திண்ணையின் மூலையில் இருந்தன. குழுத் தலைவி என்னைக் குறை கூறவில்லை. "தவணை ஒன்றும் தவறவில்லை, சார்" என்று கணக்குப் புத்தகத்தை நீட்டினார். அத்தவணைகள் யாவும் நடவுக் கூலியிலிருந்து கட்டப்பட்டவை. அவர் குறை கூறியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிராது.

உடைந்த அகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் பரம்பரையாகத் தொழில் செய்யும் முதிய வேளார் ஒருவரிடம் சென்றேன். அவர் சில்லை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கண்மாய் மண் ஐயா? எத்தனை நாள் ஊற வைத்தார்கள்?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. என் பரிந்துரைப் படிவத்தில் சக்கரத்தின் விலை, மின்னிணைப்பு, தவணை, பிணை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. மண்ணுக்கு மட்டும் இடம் இல்லை. அதன்பின் விடுமுறை நாட்களில் அப்பெரியவரிடம் கற்றதையும், நூல்களில் படித்ததையும், என் கையாலேயே செய்து கெடுத்துத் திருத்திக்கொண்டதையும் சேர்த்து இப்பாடத்தை எழுதுகிறேன்.

சக்கரமின்றி வனைதல் இயலுமா?

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் சாலையிலுள்ள நமணசமுத்திரத்து அய்யனார் கோயிலுக்குச் சென்றால் போதும். அங்கே வழிநெடுக நேர்த்திக்கடனாக நிறுத்தப்பட்ட மண் குதிரைகளைக் காணலாம். இம்மாவட்டத்தின் ஊர்ப்புறக் காடுகளில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய குதிரைகள் உண்டு. அத்தகைய உருவத்தைச் சக்கரத்தின்மேல் வைத்துச் சுழற்றுதல் எவ்வாறு இயலும்? அவை பெரும்பாலும் கையால் எழுப்பப்பட்டவையே.

புரவி எடுப்புக்கு ஊரார் நாள் குறித்து, வேளாரிடம் பிடிமண் கொடுத்து வேலையைத் தொடங்கி வைப்பர். களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். முதலில் நான்கு கால்களும் உள்ளீடற்ற குழாய்களாக எழும். அவை சற்று இறுகிய பின்னரே வயிற்றுப் பகுதியைத் தொடங்குவர். மண்ணைத் தடித்த திரிகளாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உட்புறம் கல்லைப் பிடித்து வெளிப்புறம் மரப்பலகையால் தட்டிச் சுவரை உயர்த்துவர். ஒரு பகுதி தன் மேல் வரும் பாரத்தைத் தாங்கும் அளவு இறுகும்வரை அடுத்த பகுதியைத் தொடமாட்டார்கள். வெப்பமும் ஆவியும் வெளியேற உடலில் துளைகள் விடுவர். கையால் மண் வனையும் கலையின் விதிகள் யாவும் இந்தக் குதிரைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன: உள்ளீடற்ற உடல், ஒரே சீரான சுவர், பகுதி பகுதியாக எழுப்பும் பொறுமை, ஆவி வெளியேற வழி.

பிற இடங்களிலும் இதற்குச் சான்று உண்டு. மணிப்பூரின் லோங்பி ஊர்களில் தாங்குல் நாகர் செய்யும் கரிய கலங்கள் சக்கரமின்றியே உருவாகின்றன. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் பழங்குடிப் பெண்மணியாகிய மரியா மார்ட்டினெஸ் (1887-1980) மண்திரிகளை அடுக்கிக் கலம் செய்து, சாணத்தை எரித்துச் சுட்டு, உலகப் புகழ் பெற்றார். நைஜீரியாவின் லாடி குவாலி என்னும் அம்மையாரும் திரி அடுக்கும் முறையில் பெரிய குடங்களை வனைந்தவர். அந்நாட்டின் 20 நைரா நோட்டில் அவர் உருவம் அச்சிடப்பட்டுள்ளது. ஆகவே, கையால் தொடங்குவதைத் தாழ்வென எவரும் கருத வேண்டா.

மண்ணைத் தேர்தல்

பருத்தியின் தன்மை அறியாமல் நூற்கவும், விதையின் தன்மை அறியாமல் விதைக்கவும் நாம் துணிவதில்லை. மண்ணுக்கும் அவ்விதியே பொருந்தும். கண்மாயின் உட்பரப்பில், மேலே படிந்த இலைதழைக் குப்பையை நீக்கிய பின் கிடைக்கும் ஒட்டும் களிமண்ணே பொதுவாக ஏற்றது. அதைச் சோதிக்க எளிய வழிகள் நான்கு உண்டு.

முதலாவது, ஈர மண்ணைச் சுண்டுவிரல் பருமனுள்ள திரியாக உருட்டி, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிக்காமல் வளைந்தால் மண்ணில் போதிய பசை உண்டு. சிறு வெடிப்புக் காணின் இன்னும் ஊற வேண்டும். துண்டு துண்டாக ஒடிந்தால் மணல் மிகுதி என்று அறியலாம்.

இரண்டாவது, கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் இட்டுக் குலுக்கி, ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். மணல் முதலில் அடியில் தங்கும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. எது எத்துணை என்பதைக் கண்ணால் காணலாம்.

மூன்றாவது, சுருக்கத்தை அளத்தல். ஒரு சாண் நீளப் பட்டையாக மண்ணைத் தட்டி, அதன்மேல் சரியாக 10 செண்டிமீட்டர் நீளக் கோடு கீறி, நிழலில் உலர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். கோடு 9.5 ஆகியிருந்தால் சுருக்கம் நூற்றுக்கு ஐந்து. பத்துக்கு மேல் சுருங்கும் மண்ணில் விரிசல் மிகுதியாகும். அதனுடன் நுண்மணல் கலக்க வேண்டும். ஐந்து பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் என்று தொடங்கி, சோதித்துக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். பாவுக்குக் கஞ்சி மிஞ்சினால் நூல் விறைத்து ஒடியும், குறைந்தால் இழை பிரியும் என்பதை நெசவாளர் அறிவர். களிக்கும் மணலுக்குமுள்ள உறவும் அத்தகையதே.

நான்காவது, சுண்ணாம்புக் கற்களைத் தேடுதல். நம் பகுதி மண்ணில் வெண்மையான சிறு சுக்கான் துண்டுகள் கலந்திருப்பதுண்டு. சுட்டபின் இவை சுட்ட சுண்ணாம்பாக மாறி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்துக் கலத்தின் மேற்பரப்பைப் பெயர்த்தெறியும். சூளையிலிருந்து நன்றாக வந்த தொட்டி, வாங்கியவர் வீட்டில் பத்து நாளில் பொரிந்து போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உலர்ந்த மண்ணின்மேல் வெள்ளைப் படலம் பூத்தால் அது உவர் மண். அதையும் விலக்குதல் நலம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கண்மாய் மண் ஊரின் பொதுச்சொத்து. அனுமதியின்றி ஒரு கூடைகூட எடுத்தல் முறையன்று. உழவர்களும் மட்பாண்டத் தொழிலாளரும் ஏரி, கண்மாய்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கும் வகையில் 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு விதியைத் திருத்தியது. கிராம நிர்வாக அலுவலரை முதலில் அணுகுதல் வேண்டும்.

மண்ணைப் பதப்படுத்தல்

எடுத்து வந்த மண்ணை நன்றாகக் காயவைத்து உடைத்துத் தொட்டியில் நீரில் ஊறவிடுக. காய்ந்த மண்ணே விரைவில் கரையும். பாதி ஈரமான கட்டி நாட்கணக்கில் கரையாது கிடக்கும். கூழானதும் கொசுவலைத் துணியிலோ நுண்ணிய சல்லடையிலோ வடிகட்டுக. வேரும் கல்லும் சுக்கானும் நீங்கிவிடும். தெளிந்த நீரை இறுத்து, கூழைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிசையும் பதத்துக்கு வரும். மணலை இப்பொழுது சேர்த்து மிதித்துக் கலந்து, ஈரச் சாக்கால் மூடிக் குறைந்தது பதினைந்து நாளேனும் வைத்திருத்தல் வேண்டும். மாவு புளிப்பதுபோல மண்ணும் நாட்படப் பக்குவமடையும். அதன் வளையும் தன்மை கூடும்.

வேலைக்கு எடுக்கும்பொழுது பரோட்டாவுக்கு மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைய வேண்டும். உருண்டையை மெல்லிய கம்பியால் இரண்டாக அறுத்துப் பார்த்தால், உள்ளே குமிழும் கட்டியுமின்றி ஒரே சீராக இருத்தல் வேண்டும். உலர்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் கூட்டலாகாது. அதிலுள்ள நுண்ணிய மணற்றூள் நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

மூன்று முறைகள்

முதலாவது, பிடித்து வனைதல். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையை இடக்கையில் ஏந்தி, வலக்கைப் பெருவிரலை நடுவில் இறக்குக. அடியில் ஒரு விரற்கடைப் பாதி மண் மிஞ்சியிருக்கையில் நிறுத்துக. பின் பெருவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயுமாகப் பிடித்து, உருண்டையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி மெல்ல அழுத்துக. அடியிலிருந்து தொடங்கி விளிம்புக்கு வர வேண்டும். விளிம்பை முதலிலேயே மெலிதாக்கினால் அது அகன்று உலர்ந்து வெடிக்கும். அகல், சிறு கிண்ணம், குங்குமச் சிமிழ் ஆகியவற்றுக்கு இம்முறையே போதும். முதல் வாரம் முழுவதும் இதையன்றி வேறொன்றும் செய்யலாகாது என்பது என் கருத்து. இருபது கிண்ணம் செய்து, இருபதையும் குறுக்கே அறுத்துச் சுவரின் கனத்தைப் பார்த்து, மண்ணை மீண்டும் தொட்டியிலேயே போட்டுவிடுக. சுடாத மண்ணில் நட்டம் என்பதே இல்லை; இது இத்தொழிலில் மட்டுமே கிடைக்கும் சலுகை. தறியில் அறுத்த பாவை மீண்டும் பஞ்சாக்க இயலுமா?

இரண்டாவது, திரி அடுக்குதல். தட்டையான அடியைத் தட்டி வைத்துக்கொண்டு, விரல் பருமனுள்ள திரிகளை உருட்டி வட்டமாக வைத்து உயர்த்துவதாகும். ஒவ்வொரு திரியையும் அதன் கீழுள்ளதோடு, உட்புறம் பெருவிரலாலும் வெளிப்புறம் ஆள்காட்டி விரலாலும் இழைத்து இணைக்க வேண்டும். வெறுமனே அடுக்கிய திரி உலரும்பொழுது வரிவரியாகப் பிரிந்துவிடும். நான்கைந்து திரி உயர்ந்ததும் நிறுத்தி, அது சற்று இறுகும்வரை காத்திருந்து மேலே தொடர்க. விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்தல் வேண்டும். செடித்தொட்டிக்கும் பெரிய சாடிக்கும் இம்முறை ஏற்றது.

மூன்றாவது, பலகை முறை. சமமான கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் மண்ணை வைத்து, சப்பாத்திக்குழவியை அச்சட்டங்களின்மேல் ஓட்டினால் ஒரே கனமான தகடு கிடைக்கும். அடியில் துணி விரித்துக்கொள்ளல் வேண்டும். அதை வெட்டி ஒட்டிப் பெட்டி, தட்டு, சுவர்ப்பதிவு ஓடு ஆகியன செய்யலாம். நெசவாளர் வீட்டுப் பெண்கள் சேலை முந்தியின் கோலங்களை மண்தகட்டில் அச்சாக அழுத்தினால், அது பிறரிடம் இல்லாத தனிப்பொருளாகும்.

இம்மூன்றிலும் சுவரின் கனம் ஒரு செண்டிமீட்டருக்கு மிகாமலும், எங்கும் ஒன்றுபோலவும் இருத்தல் வேண்டும்.

பிடியோ மூக்கோ ஒட்டும்பொழுது, ஒட்டும் இரு பக்கங்களையும் முள்ளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கூழ்மண் தடவி, அழுத்தி ஒட்டி, இணைப்பின்மேல் மெல்லிய திரி வைத்து இழைக்க வேண்டும். இரண்டு துண்டுகளும் ஒரே ஈரப்பதத்தில் இருத்தல் இன்றியமையாதது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டா என்பது பழமொழி. பாதி உலர்ந்ததும் ஈரமானதும்கூட ஒட்டமாட்டா என்பதை நான் இரண்டு பிடிகளை இழந்து கற்றேன்.

உலர்த்தல்

புதியவர் பலர் தோல்வியுறும் இடம் இதுவே. பிசைந்த மண்ணின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். அது வெளியேறும்பொழுது கலம் சுருங்குகிறது. விளிம்பு ஒரு வேகத்திலும் அடி ஒரு வேகத்திலும் சுருங்கினால் இடையில் விரிசல் விழும். ஆகையால் வெயிலும் காற்றும் நேரே படாத நிழலில், முதல் இரண்டு நாள் தளர்வாகத் துணி மூடி உலர்த்துக. விளிம்பு இறுகியதும் கலத்தைக் கவிழ்த்து வைத்து அடியை உலரவிடுக. சிறு அகலுக்கு ஒரு வாரமும், தொட்டிக்கு இரண்டு மூன்று வாரமும் தேவைப்படலாம். கடைசி இரண்டு நாள் வெயிலில் வைத்தால் போதும்.

உலர்ந்ததா என்பதை அறிய அப்பெரியவர் எனக்குக் காட்டிய வழி மிக எளிது. கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால், குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் உண்டு. குளிர்ச்சி தெரியாவிட்டால் உலர்ந்தது. மண் கருமை நீங்கி எங்கும் வெளிறியிருத்தலும் அடையாளம்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதியவர்கள் இத்தொழிலைத் தொடங்கலாகாது. தைக்குப் பின் தொடங்கி ஆடிக்குள் சுட்டு முடித்தலே தக்கது. கார்த்திகை அகலைக் கோடையிலேயே சுட்டு அடுக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாமல் தவிக்கும் நெசவாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் பரிந்துரை எழுதிய திட்டம் ஐப்பசியில் தொடங்கியது என்பதை அங்கத்தினர் நினைவில் கொள்க.

சுடுதல்

பச்சைக் கலம் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழே காரணம் என்று பலர் சொல்வர். உண்மையில் பெரும்பாலும் காரணம் நீர். 100 பாகை செண்டிகிரேடில் நீர் ஆவியாகும்பொழுது ஏறத்தாழ 1,700 மடங்கு இடத்தை வேண்டுகிறது. சுவருக்குள் சிக்கிய ஈரம் மெல்ல வெளியேற நேரமில்லையெனில், சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறும். அக்குழுவினரின் சூளையில் கேட்ட ஒலி அதுவே. எனவே முதல் மூன்று மணி நேரம் சிறு தணலில் கலங்களைச் சூடாக்க மட்டுமே வேண்டும்.

தொடக்கத்தில் சிறு அகல்களாக இருபது, முப்பது போதும். ஊருக்கும் வைக்கோற் போருக்கும் கூரைக்கும் விலகிய வெளியிடத்தில், முழங்கால் ஆழத்துக்கும் குறைவான பள்ளம் தோண்டி, அதில் முன்னரே தீ மூட்டி ஈரம் போக்குக. ஆறியபின் அடியில் வரட்டி பரப்பி, கலங்களைக் கவிழ்த்து அடுக்கி, இடையிடையே சிரட்டையும் வரட்டியும் நிரப்பி, மேலே கனமாக வைக்கோல் மூடுக. அதன்மேல் சேற்றைப் பூசி, புகை போகச் சில துளைகள் விடுக. ஓரத்தில் சிறு தீயாகத் தொடங்கி, மெல்ல உள்ளே ஏறவிட வேண்டும். வாளி நீரும் மணலும் அருகில் இருக்கட்டும். தொங்கும் முந்தானையோடு எவரும் தீயருகே செல்லலாகாது.

மண்ணோடு இரசாயன முறையில் பிணைந்துள்ள நீர் ஏறத்தாழ 450 முதல் 600 பாகைக்குள் நீங்குகிறது. அதைக் கடந்த மண் மீண்டும் நீரில் கரையாது, அதுவே கலம். திறந்தவெளிச் சூளையில் பொதுவாக 700 முதல் 900 பாகைவரை வெப்பம் எட்டும். தீ அணைந்ததும் ஆவலால் பிரித்துவிடுதல் மற்றொரு பிழை. மண்ணிலுள்ள மணல் 573 பாகையில் திடீரெனச் சற்றே பருத்து, ஆறும்பொழுது அவ்வாறே சுருங்கும் இயல்புடையது. குளிர்காற்றுப் பட்டால் அந்நிலையில் கலம் விண்டுபோகும். மறுநாள் கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்த பின்னரே பிரித்தல் வேண்டும்.

தட்டினால் கணீரென்று ஒலிப்பது நன்றாகச் சுட்டது. மந்தமாக ஒலிப்பது விரிசலுள்ளது அல்லது வேகாதது. ஐயமிருப்பின் ஓர் இரவு நீரில் ஊறவைத்துப் பார்க்கலாம்; மிருதுவானால் தீ போதவில்லை. காற்றோட்டம் மிக்க தீயில் மண்ணிலுள்ள இரும்புச்சத்து சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் மூடினால் கருக்கும். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023இல் தமிழகத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், இவ்விரண்டையும் ஒரே கலத்தில் ஆண்ட நம் முன்னோரின் திறமைக்குச் சான்றாகும்.

இவ்வாறு சுட்ட கலங்களை முதலில் விளக்காகவும் தொட்டியாகவும் மட்டுமே விற்க வேண்டும். உணவுக் கலங்களுக்குக் கடைச்சாயம் எதையும் பூசலாகாது. பளபளப்புப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

கணக்கும் கடனும்

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுக: வனைந்தவை, உலர்ந்து தேறியவை, சூளையில் அடுக்கியவை, முழுதாக வெளிவந்தவை. நூறு வனைந்து அறுபது வெளிவந்தால், அறுபதின் விலை நூறின் உழைப்பையும் எரிபொருளையும் ஈடுசெய்ய வேண்டும். இக்கணக்கின்றி அடக்க விலை கூறுதல் இயலாது. தொடர்ந்து மூன்று சூளையில் ஐந்துக்கு நான்கு வீதம் தேறினால், அப்பொழுது சக்கரத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை செலவு பெரும்பாலும் சல்லடை, கம்பி, சாக்கு, இரண்டு மரச்சட்டம் ஆகியவற்றோடு முடியும்.

அந்நிலையை எட்டியோர்க்கு வழிகள் உள்ளன. 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், மட்பாண்டம் உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்ச ரூபாய்வரை கடனும், அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமும் வழங்கும் என அறிவிக்கப்பட்டது. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். ஆனால் மானியம் உண்டு என்பதற்காக எவரும் கடன் வாங்கலாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இக்கலையைக் காத்து வருபவர்கள் வேளார் குடும்பத்தினர். மானாமதுரை மட்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது அத்தகைய குடும்பங்களின் பல தலைமுறை உழைப்பாலேயே. அவர்கள் வாழ்வைப் பறிக்கும் போட்டியாக நம் உபதொழில் அமைதல் கூட்டுறவுக்கு அழகன்று. சங்கம் அவர்களை ஆசிரியராக அழைத்து நாட்கூலி வழங்கட்டும். பதப்படுத்திய மண்ணை அவர்களிடமே விலைக்கு வாங்கட்டும். அவர்கள் செய்யாத பொருளை நாம் செய்வோம்.

அப்பன்னிருவர் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. மறு ஆண்டு தையில், அம்முதியவரையே அழைத்துக் கையால் மீண்டும் தொடங்கினர். பங்குனியில் சுட்ட முதற்சூளையை அவர்களுடன் இருந்து நானும் பிரித்தேன். நாற்பது தொட்டிகள் வைத்து முப்பத்து மூன்று வெளிவந்தன. தலைவி ஒவ்வொன்றையும் விரலால் தட்டி ஒலி கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டார். பழைய கடன் இன்னும் தீரவில்லை. ஆயினும் இப்பொழுது தவணையில் ஒரு பகுதியேனும் மண்ணிலிருந்து வருகிறது.

இன்று என்னிடம் சக்கரத்துக்கு விண்ணப்பம் வந்தால், படிவத்தின் ஓரத்தில் நானே மையால் இரண்டு வினாக்களை எழுதிச் சேர்க்கிறேன்: எந்தக் கண்மாய் மண்? எத்தனை நாள் ஊறியது? அங்கத்தினர்கள் இவ்விரண்டுக்கும் விடை கண்டபின் விண்ணப்பம் எழுதுவார்களாக.